இரத்தச் சர்க்கரையில் இன்சுலினும் வளர்ச்சி ஹார்மோனும்

இன்சுலின் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்கும் ஹார்மோன். வளர்ச்சி ஹார்மோன் அதைக் கூட்டும் ஹார்மோன்களுள் ஒன்று. முன்னது இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையத்தில் சுரக்கிறது. பின்னது மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில், அதாவது கபச் சுரப்பியில், சுரக்கிறது. பள்ளியில் இவற்றைத் தனித்தனியாகவே படிக்கிறோம். வளர்ச்சி ஹார்மோன் என்றால் உயரம், குறைந்தால் குள்ளத்தன்மை, கூடினால் அசுரத்தன்மை. இன்சுலின் என்றால் சர்க்கரை நோய். தேர்வுக்கு இது போதும். ஆனால் வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்களைக் குழப்பும் கேள்விகளில் பலவற்றுக்கு விடை, இந்த இரண்டுக்கும் இடையே நடக்கும் இழுபறியில்தான் இருக்கிறது.

உச்சிப்புளி, மண்டபம் பக்கத்தில் சர்க்கரை உள்ளவர்கள் கூடினால் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "ராத்திரி ரெண்டு இட்லிதான் சார் சாப்பிட்டேன். படுக்கும்போது 140. காலையில பார்த்தா 180 காட்டுது. நடுவுல பச்சைத் தண்ணி கூடக் குடிக்கல." கேட்பவர் பொய் சொல்லவில்லை, மீட்டரும் பெரும்பாலும் பழுதில்லை. அந்த 40 எங்கிருந்து வந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் முதன்மை நோக்கம்.

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளர்ந்த ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. நோயில்லாதவருக்கு வெறும் வயிற்றில் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 100 மில்லி கிராமுக்குக் குறைவாகவே குளுக்கோஸ் இருக்கும். அப்படியானால் உடலிலுள்ள மொத்த இரத்தத்திலும் சேர்த்து ஏறக்குறைய 5 கிராம், ஒரு தேக்கரண்டிதான். மூளை மட்டும் ஒரு நாளைக்கு 120 கிராம் அளவுக்குக் குளுக்கோஸைச் செலவழிக்கிறது. மணிக்கு 5 கிராம். வெளியிலிருந்து ஒன்றும் வராவிட்டால், இரத்தத்தில் உள்ளதை மூளையே ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடும்.

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, காலை ஏழு மணி வரை ஒன்றும் உண்ணாமல் தூங்கியும் நாம் உயிரோடு எழுகிறோம் என்றால், யாரோ உள்ளிருந்து சர்க்கரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள் என்று பொருள். அந்த வேலையைச் செய்வது கல்லீரல். சாப்பிட்ட மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்துக்கொண்டு (சுமார் 100 கிராம் அளவுக்கு), இரவில் அதைச் சிறிது சிறிதாகக் குளுக்கோஸாக உடைத்து வெளியே விடுகிறது. இருப்பு குறையக் குறைய, புரதத்தின் துண்டுகளிலிருந்தும் கொழுப்பிலிருந்து வரும் கிளிசராலிலிருந்தும் புதிதாகவே குளுக்கோஸ் தயாரிக்கிறது. காலையில் மீட்டரில் தெரிவது பெரும்பாலும் கல்லீரலின் இரவு வேலை. அந்த 40-இன் பிறப்பிடமும் இதுதான். நேற்றிரவுச் சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இந்தக் கல்லீரல் குழாயைத் திறப்பவர்களும் அடைப்பவர்களும் தனித்தனி. அடைப்பதில் முதல்வர் இன்சுலின். கணையத்தின் லாங்கர்ஹான் திட்டுகளில் உள்ள பீட்டா செல்கள் அதைச் சுரந்தவுடன், அது நேராகக் கல்லீரலுக்குத்தான் முதலில் போகிறது. "போதும், நிறுத்து" என்கிறது. பிறகு தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் போய், செல்லுக்குள் இருக்கும் குளுக்கோஸ் கடத்திப் புரதங்களை மேற்பரப்புக்கு வரவழைக்கிறது. கதவு திறந்து குளுக்கோஸ் உள்ளே போகிறது. கொழுப்புத் திசுவிடம் இன்னொரு கட்டளையும் இடுகிறது: சேமித்த கொழுப்பை இப்போது உடைக்காதே. இந்த மூன்றாவது வேலையைப் பலர் கவனிப்பதில்லை. வளர்ச்சி ஹார்மோன் வந்து மோதுவது இந்த இடத்தில்தான்.

திறப்பவர்கள் பலர். குளுக்ககான், அட்ரினலின் இரண்டும் நிமிடங்களில் வேலை செய்பவை. கார்ட்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும் நிதானமானவை. இவற்றின் விளைவு தெரியச் சில மணி நேரம் ஆகும். ஆனால் தெரிய ஆரம்பித்தால் நெடுநேரம் நிற்கும்.

வளர்ச்சி ஹார்மோன் எப்படிச் சர்க்கரையைக் கூட்டுகிறது

பெயரை வைத்து இது சிறுவர்களுக்கு மட்டுமான ஹார்மோன் என்று நினைக்கக் கூடாது. உயரம் நின்ற பிறகும், வயதாக ஆகக் குறைந்தாலும், வாழ்நாள் முழுவதும் சுரக்கிறது. நாள் முழுவதும் ஒரே சீராக அல்ல, விட்டுவிட்டு அலையலையாக. பெரிய அலை தூங்கிய முதல் ஒரு மணி நேரத்தில், ஆழ்ந்த உறக்கத்தில் வரும்.

சுரந்ததும் அது கொழுப்புத் திசுவைத் தட்டி, கொழுப்பை உடைக்கச் சொல்கிறது. கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. தசைக்கு எரிக்க இரண்டு விறகுகள் உண்டு, குளுக்கோஸும் கொழுப்பு அமிலமும். கொழுப்பு அமிலம் தாராளமாகக் கிடைத்தால் தசை குளுக்கோஸை எடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பிலிப் ராண்டலும் அவருடைய குழுவினரும் 1963-இல் விளக்கிய போட்டி இது. எடுக்கப்படாத குளுக்கோஸ் இரத்தத்திலேயே தங்குகிறது. இதோடு, இன்சுலின் செல்லின் வாசலில் வந்து கொடுக்கும் செய்தி உள்ளே போய்ச் சேரும் பாதையையும் வளர்ச்சி ஹார்மோன் ஓரளவு மங்கச் செய்கிறது. இன்சுலின் இருக்கிறது, ஆனால் அதன் பேச்சு எடுபடுவதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். கல்லீரலும் "நிறுத்து" என்ற கட்டளையைச் சரியாகக் கேட்காமல் குளுக்கோஸை விட்டுக்கொண்டிருக்கிறது.

இது உடலின் பிழை அல்ல. பட்டினி கிடக்கும்போது வளர்ச்சி ஹார்மோன் கூடுகிறது; தசையைக் கரைக்காமல் கொழுப்பை எரித்து, இருக்கும் குளுக்கோஸை மூளைக்காக விட்டுவைக்கிறது. பஞ்சம் பார்த்த உடம்புக்கு இது பெரிய பாதுகாப்பு. கணையம் நன்றாக இருப்பவருக்கு இந்த இழுப்பு தெரியவே தெரியாது. பீட்டா செல்கள் கொஞ்சம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சரிக்கட்டிவிடும். சரிக்கட்ட முடியாதவருக்குத்தான் மீட்டரில் எண் ஏறுகிறது.

சர்க்கரையும் திரும்பி வளர்ச்சி ஹார்மோனை ஆள்கிறது. இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கினால் வளர்ச்சி ஹார்மோன் பொங்கும், ஏறினால் அடங்கும். மருத்துவர்கள் இந்தக் குணத்தையே சோதனைக்குப் பயன்படுத்துகிறார்கள். வளர்ச்சி ஹார்மோன் குறைவோ என்று ஐயம் வந்தால், மருத்துவமனைக் கண்காணிப்பில் இன்சுலின் போட்டுச் சர்க்கரையை இறக்கி, ஹார்மோன் ஏறுகிறதா என்று பார்ப்பது உண்டு. மிகுதியோ என்று ஐயம் வந்தால் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து, அது இறங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

நாய்களிடம் கண்டது

1921-இல் கனடாவின் டொரொன்டோவில் பிரடெரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகப் போடப்பட்டது. இந்தக் கதை பலருக்கும் தெரியும். மறுபாதிக் கதை தென் அமெரிக்காவில் நடந்தது, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்சில் பெர்னார்டோ ஊசாய் என்ற உடலியங்கியல் பேராசிரியர், பிட்யூட்டரியை அகற்றிய விலங்குகளுக்குச் சிறிதளவு இன்சுலின் போட்டாலே சர்க்கரை அபாயமாக இறங்குவதைக் கண்டார். அடுத்த சோதனை இன்னும் கூர்மையானது. கணையத்தை எடுத்துவிட்டால் நாய்க்குக் கடுமையான சர்க்கரை நோய் வரும். ஆனால் கணையத்தோடு பிட்யூட்டரியையும் எடுத்துவிட்டால் நோய் மிகவும் தணிந்துவிடுகிறது! 1930-ஐ ஒட்டி அவரும் பியாசொட்டியும் இதை வெளியிட்டனர். சர்க்கரை நோய் என்பது இன்சுலின் இல்லாமை மட்டுமல்ல, எதிர்ப்பக்கம் இழுப்பவை தடையின்றி இழுப்பதும்தான் என்று அன்றுதான் தெரிந்தது. 1937-இல் இங்கிலாந்தின் பிராங்க் யங், பிட்யூட்டரி முன்பகுதிச் சாற்றைத் தொடர்ந்து ஊசியாகப் போட்டு, நல்ல நாய்களுக்கு நிலையான சர்க்கரை நோயையே வரவழைத்துக் காட்டினார். அந்தச் சாற்றில் இருந்த முக்கியப் பொருள்களுள் ஒன்று வளர்ச்சி ஹார்மோன். கார்ட்டிசோலைத் தூண்டும் ஹார்மோனும் அதில் உண்டு.

ஊசாயை 1943-இல் இராணுவ அரசு பல்கலைக்கழகப் பதவியிலிருந்து நீக்கியது. மக்களாட்சி வேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்திட்டதே காரணம். தனியார் உதவியில் சொந்தமாக ஆய்வகம் அமைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். சர்க்கரை வளர்சிதை மாற்றத்தில் பிட்யூட்டரி முன்பகுதியின் பங்கைக் கண்டதற்காக 1947-இல் நோபல் பரிசு வந்தது.

இதற்கு ஒரு விசித்திரமான பின்கதையும் உண்டு. 1953-இல் பௌல்சன் என்ற மருத்துவர், பிரசவத்துக்குப் பின் பிட்யூட்டரி செயலிழந்த ஒரு பெண்ணின் கண்ணில் சர்க்கரை நோயால் வந்திருந்த விழித்திரைச் சேதம் குறைந்ததைப் பதிவு செய்தார். அதைத் தொடர்ந்து, பார்வையைக் காப்பாற்றுவதற்காகச் சர்க்கரை நோயாளிகளின் பிட்யூட்டரியையே அழிக்கும் சிகிச்சை சில நாடுகளில் சில காலம் நடந்தது. லேசர் சிகிச்சை வந்ததும் அது கைவிடப்பட்டது. இன்று கேட்டால் பயமாக இருக்கிறது. அன்று வேறு வழி இருக்கவில்லை.

விடியற்காலையில் ஏறும் சர்க்கரை

இனி அந்த 140, 180 கேள்விக்கு வரலாம்.

இரவு பத்தரைக்குப் படுக்கிறோம். பதினொன்று, பன்னிரண்டு மணி வாக்கில் வளர்ச்சி ஹார்மோனின் பேரலை. அதன் இன்சுலின் எதிர்ப்பு வேலை உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, அதிகாலை மூன்று, நான்கு மணிக்குத்தான் முழுதாக உறைக்கும். அந்த நேரத்தில் கார்ட்டிசோலும் விழிப்புக்கு ஆயத்தமாக ஏறத் தொடங்கும். முந்தின இரவு போட்ட மருந்தின் வேகமும் அப்போது தேய்ந்துகொண்டிருக்கும். கல்லீரலின் குழாய் திறக்கிறது, எண் ஏறுகிறது. இதை விடியல் நிகழ்வு என்கிறார்கள். 1980-களின் தொடக்கத்தில் இந்தப் பெயர் வந்தது. 1985-இல் அமெரிக்காவில் காம்பெல், பொல்லி, கெரிச் குழுவினர் முதல் வகை சர்க்கரை நோயாளிகளிடம் ஆராய்ந்து, இரவு வளர்ச்சி ஹார்மோன் அலையே இதற்கு முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். நம்மிடையே மிகுதியாக உள்ள இரண்டாம் வகையில் கல்லீரலின் அடங்காமை பெரும்பங்கு வகிக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் அதற்குத் துணை போகிறது.

இது சிலருக்கு மட்டுமான சங்கதி அல்ல. சென்னையிலிருந்து மருத்துவர் வி. மோகன் முதலானோர் நடத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடுதழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காடு, அதாவது ஏழு பேரில் ஒருவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. ஆனால் மீட்டர் காட்டும் எண்ணைப் புரிந்துகொள்வது நம் பொறுப்பாகவே இருக்கிறது.

புரியாதபோது மக்கள் இரண்டு காரியம் செய்கிறார்கள். ஒன்று, காலை எண்ணுக்குப் பயந்து இரவுச் சாப்பாட்டையே விட்டுவிடுவது. பட்டினியில் வளர்ச்சி ஹார்மோன் கூடும் என்று மேலே பார்த்தோம். கல்லீரலும் சும்மா இருக்காது. சர்க்கரைக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர் இரவில் பட்டினி கிடந்தால் நடு இரவில் தாழ்சர்க்கரையும் வரலாம். இரண்டாவது, இன்னும் மோசமானது: இரவு இன்சுலினைத் தாமாகவே நான்கு, ஆறு யூனிட் ஏற்றிக்கொள்வது. அந்தக் கூடுதல் இன்சுலின், எதிர்ப்பு தொடங்காத நள்ளிரவில் சர்க்கரையை ஆழத்தில் தள்ளிவிடும். வியர்த்துக் கொட்டி, நடுங்கி, கெட்ட கனவோடு எழுபவர்கள் அதிர்ஷ்டசாலிகள். எழாமலே போகிறவர்களும் உண்டு.

மைக்கேல் சோமொகி என்பவர் 1938-இல், இரவில் தாழ்ந்த சர்க்கரை எதிர்வினையாகக் காலையில் எகிறும் என்று சொன்னார். தொடர்ந்து அளக்கும் கருவிகள் வந்த பின், அது அவர் நினைத்த அளவுக்கு அடிக்கடி நடப்பதில்லை என்று தெரிகிறது. இரவில் தாழ்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் காலையிலும் தாழ்வாகவே இருக்கிறது. இருந்தாலும் ஐயம் தீர ஒரு வழிதான் உண்டு. மூன்று நான்கு நாள் அலாரம் வைத்து அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து பார்த்து, படுக்கும் நேரம், மூன்று மணி, காலை ஆகிய மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுப்பது. மூன்று மணிக்குச் சரியாக இருந்து பிறகு ஏறினால் விடியல் நிகழ்வு. அப்போதே உயர்ந்திருந்தால் இரவுச் சாப்பாடோ மருந்தின் போதாமையோ காரணமாகலாம். அப்போது 70-க்குக் கீழே இருந்தால் மருந்து அதிகம். மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு. வெறும் காலை எண்ணை மட்டும் வைத்து இதைப் பிரிக்க முடியாது.

இரவுக் கடலுக்குப் போய்க் காலையில் கரையேறிப் பகலில் உறங்குபவர்களுக்கு இந்த நேரக்கணக்கு பொருந்தாது. வளர்ச்சி ஹார்மோன் பெரிதும் உறக்கத்தைப் பின்தொடர்வது; கார்ட்டிசோல் பெரிதும் பகல் இரவைப் பின்தொடர்வது. உறக்கம் இடம் மாறினால் இரண்டும் பிரிந்து ஓடும். ஆகவே அப்படிப்பட்டவர்கள் தங்கள் வேலை நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லாமல் "காலை ஒன்று, இரவு ஒன்று" என்ற சீட்டை மட்டும் வாங்கி வருவது சரியாகாது.

இடையே ஒன்று. விடியற்காலைக் காப்பிக்கு வெள்ளைச் சீனி வேண்டாம், பனங்கருப்பட்டிதானே என்று நம் மாவட்டத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். ஏற்கெனவே கல்லீரல் ஏற்றி வைத்திருக்கும் எண்ணை அது இன்னும் ஏற்றும்.

வளரும் பிள்ளைகள்

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு வயதில் வளர்ச்சி ஹார்மோன் உச்சத்தில் சுரக்கிறது. அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலினின் வேகம் குறைகிறது. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. முதல் வகை சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு ஈடுகட்டக் கணையம் இல்லை. எட்டாம் வகுப்பு வரை சரியாக இருந்த ஊசி அளவு திடீரென்று போதாமல் போகும். பெற்றோர் "திருட்டுத்தனமாக மிட்டாய் தின்றிருப்பான்" என்று அடிப்பதை ஆசிரியப் பணியில் இருந்த எவரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பிள்ளை வளர்கிறான், அதற்கேற்ப மருத்துவர் இன்சுலினைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. வளர்ச்சி ஹார்மோன் நேரடியாக மட்டும் எலும்பை வளர்ப்பதில்லை. கல்லீரலைத் தூண்டி 'இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி' என்ற பொருளைச் சுரக்கச் செய்து அதன் வழியாகவும் வளர்க்கிறது. அதைச் சுரக்கக் கல்லீரலுக்கு இன்சுலினும் போதிய அளவில் வேண்டும். இன்சுலின் போதாத பிள்ளைக்கு அந்தக் காரணி குறைகிறது. அது குறைந்தால் "இன்னும் வேண்டும்" என்று பிட்யூட்டரி வளர்ச்சி ஹார்மோனை மேலும் சுரக்கிறது. அதனால் சர்க்கரை இன்னும் ஏறுகிறது, வளர்ச்சி மட்டும் நடப்பதில்லை. 1930-இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் மோரியாக் விவரித்த, குட்டையாகவும் ஈரல் பெருத்தும் இருந்த சர்க்கரை நோய்க் குழந்தைகள் இந்தச் சுழலில் சிக்கியவர்கள். ஊசிக்குப் பயந்து அளவைக் குறைக்கும் பெற்றோர் பிள்ளையின் உயரத்தையும் குறைக்கிறார்கள்.

வகுப்பறையில் இன்சுலின் எடுக்கும் பிள்ளை திடீரென்று வியர்த்து, பேச்சுக் குழறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது கவனக்குறைவு அல்ல. உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

மிகுந்தால், இல்லாவிட்டால்

பிட்யூட்டரியில் கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோன் பெருகினால், சிறுவயதில் அசுரத்தன்மையும் வளர்ந்தவர்களுக்கு அக்ரோமெகலியும் வரும். 1886-இல் பியர் மாரி பெயரிட்ட நோய் அது. 'தி கிரேட் காளி' என்று அறியப்பட்ட மல்யுத்த வீரர் தலிப் சிங் ராணாவுக்கு 2012-இல் பிட்யூட்டரிக் கட்டி அகற்றப்பட்டது செய்தியாக வந்தது. இந்நோயாளிகளில் கணிசமானோருக்குச் சர்க்கரை நோயும் சேர்ந்து வருகிறது. கட்டியை எடுத்தபின் சர்க்கரை இறங்குவதும், சிலருக்கு மருந்தே தேவைப்படாமல் போவதும் உண்டு. நோய் மெதுவாக வருவதால் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. போட்ட மோதிரம் இறுகுவது, செருப்பு அளவு ஏறுவது, தாடை நீள்வது, பல் இடைவெளி கூடுவது, குரல் தடிப்பது ஆகியவற்றோடு கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் இருந்தால், அந்தச் செருப்பு விஷயத்தை மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

மறுகோடியில் ஈக்வடார் நாட்டின் தெற்கு மலைக் கிராமங்களில் லாரோன் நோய்க்குறி உள்ளவர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறது, ஆனால் அதை ஏற்கும் வாங்கி பழுது. மிகவும் குட்டையானவர்கள். ஹைமே குவேரா அகுயிர்ரே என்ற மருத்துவர் அவர்களை 22 ஆண்டுகள் கவனித்து 2011-இல் முடிவை வெளியிட்டார். பலர் பருமனாக இருந்தும் ஒருவருக்கும் சர்க்கரை நோய் வரவில்லை. எதிர்ப்பக்கம் இழுப்பவர் இல்லாததால், இருக்கும் கொஞ்சம் இன்சுலினே அவர்களுக்குப் போதுமாக இருக்கிறது.

ஊசியாகப் போடும்போது

பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின் மனிதருக்கு வேலை செய்தது. அதை வைத்தே அறுபது ஆண்டுகள் ஓட்டினார்கள். விலங்குகளின் வளர்ச்சி ஹார்மோன் மனிதருக்குப் பயன்படாது. அதனால் இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்துக் குள்ளமான பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அதன் வழியே மூளையைச் சிதைக்கும் ஒரு கொடிய நோய் சிலருக்குத் தொற்றியது தெரிந்ததும், 1985-இல் அமெரிக்காவில் அது நிறுத்தப்பட்டது. மரபணுப் பொறியியல் முறையில் தயாரான இன்சுலினுக்கு 1982-இலும், அதே முறை வளர்ச்சி ஹார்மோனுக்கு 1985-இலும் அங்கே அனுமதி கிடைத்தது. இன்று ஹார்மோன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு மருத்துவர் கண்காணிப்பில் இதைப் போடும்போது சர்க்கரையையும் சேர்த்தே சோதிக்கிறார்கள்.

உடற்கட்டுக்காக இதைத் தாமாகப் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் வேறு வகை. வளர்ச்சி ஹார்மோன் போட்டால் சர்க்கரை ஏறுகிறது என்று தெரிந்து, அதை இறக்கவும் தசை சேர்க்கவும் இன்சுலினையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்யும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு நேரத்தை மறந்துவிடுகிறது. விரைவு இன்சுலின் கால் மணியில் வேலையைத் தொடங்கிச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். வளர்ச்சி ஹார்மோனின் எதிர்ப்பு மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கும். முன்னது உச்சத்தில் இருக்கும்போது பின்னது இன்னும் வந்து சேர்ந்திருக்காது. நல்ல கணையம் உள்ள ஒருவர் உடற்பயிற்சி முடித்துக் களைத்த உடலோடு இன்சுலின் போட்டுக்கொண்டு தூங்கப் போனால், அந்த ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையும் தீர்ந்துபோக அதிக நேரம் ஆகாது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இரண்டையுமே தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது.